ஆயிரமாவது யூனிட்

மின்சாரத்தை வேண்டுமென்றே வீணாக்கினால்தான் பில் குறையும் என்றால், அந்த வீட்டுக்காரியை ஊதாரி என்பதா, சிக்கனக்காரி என்பதா? கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

டெக்சஸ் மாநிலம் கார்ப்பஸ் கிறிஸ்டியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒடீலியா காவசோஸ் எடுத்திருந்த மின்சாரத் திட்டம் அப்படிப்பட்டது. அங்கே எந்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்குவது என்பதை வீட்டுக்காரர்களே தேர்ந்தெடுக்கலாம். மாதம் ஆயிரம் யூனிட்டைத் தொட்டால் நூற்றிருபது டாலர் தள்ளுபடி. ஒரு யூனிட் குறைந்தாலும் கிடையாது. கோடையில் ஏசியே தாண்ட வைத்துவிடும். வெயில் தணிந்தபின்தான் தொல்லை. மாதக் கடைசியில் தெருவில் பாதி வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரம் வெறுமனே சுற்றும்.

நவம்பரில் ஒடீலியாவும் மின்அடுப்பை எரியவிட்டு, ஏசியையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். பில்லில் 998 யூனிட் என்று இருந்தது; தள்ளுபடி போயிற்று. அவள் நினைத்ததற்கு ஒரு நாள் முன்பே கணக்கெடுத்துவிட்டார்கள்.

"ஒரு பானை டமாலே கொழுக்கட்டை வேகவெச்சிருந்தா தாண்டியிருக்கும்டி" என்று சிரித்தான் கணவன் ரோகேலியோ.

அவள் சிரிக்கவில்லை. ஒப்பந்தம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் அதை நீட்டவோ வேறு திட்டம் எடுக்கவோ செய்யாவிட்டால் விலை இரண்டு மடங்காகும்.

"இதையே நீட்டிடு. யூனிட் ஒன்பது சென்ட்னு போட்டிருக்கான். எத்தனை யூனிட் ஆனாலும் ஒரே விலைன்னு நீ பாத்த திட்டம் பதினாலு" என்றான்.

"அந்த ஒன்பது சரியா ஆயிரம் யூனிட்டுக்குத்தான்யா. கீழ வந்தா இருபத்தொண்ணு. சின்ன எழுத்துல போட்டிருக்கான், கண்ணாடியப் போட்டுப் பாரு."

அன்றே வேறு நிறுவனத்தின் அந்தப் பதினாலு சென்ட் திட்டத்தில் பதிந்தாள். மறுநாள் பழைய நிறுவனத்துப் பையன் போன் செய்தான்.

"இப்பப் போனா நூத்தம்பது டாலர் அபராதம், மேடம்."

"ஒப்பந்தம் என் கையில இருக்கு தம்பி. கடைசிப் பதினாலு நாள்ல போனா அபராதம் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. படிச்சுக் காட்டட்டுமா?"

பையன் பேச்சை மாற்றினான்.

"வேணும்னா தள்ளுபடிய ஏத்தித் தர்றோம், மேடம். ஆயிரத்தத் தொட்டீங்கன்னா..."

"நான் தினமும் அறுபது பிள்ளைங்கள பஸ்ல அடக்குறவ. நீ கோடு போட்டா நான் ஓடித் தொடணுமா? போன வைப்பா."

ஜனவரி பில்லில் 640 யூனிட். எண்பத்தொன்பது டாலர் அறுபது சென்ட்.

"பழைய திட்டத்துல ஆயிரத்தத் தொட்டிருந்தாலும் தொண்ணூறுதானே வந்திருக்கும்?" என்றான் ரோகேலியோ.

"வந்திருக்கும். ஆனா இந்த மாசம் நான் ஒரு நாளும் பயந்துபோய் மீட்டரப் பாக்கல."

தன் ஒப்பந்தம் முடியும் தேதி தெரியாத ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவரிடம் ஒடீலியாவின் கதையைச் சொல்லுங்கள்.