நடுவில் நான் நிக்கிறேன்

அன்று சனிக்கிழமை. சுங்கை ஆயர் தாவாரில் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கோகிலாவிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக அவள் "அக்கா, சாப்டாச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். அன்று அதைக் கேட்கவில்லை. "பிலோமினா அக்கா இறந்துட்டாங்கக்கா, காலையில ஆறு மணிக்கு" என்றாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு உனக்குச் சொன்னது?" என்று அவளை அதட்டினேன், ஏதோ அவள் செய்த தப்பு போல. அவள் அழுதாள்.

பிலோமினா அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பலர் இருக்கிறீர்கள். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் எங்கள் செம்பனை ஆலைக்குப் பழக்குலை ஏற்றி வந்த லோரிக்காரர்கள் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போயிருப்பீர்கள். வாசலில் லோரியை எடை போடும் இடத்தில், நாம் 'திம்பாங்' என்று சொல்லும் அந்தச் சின்ன ஆபிஸில், இருபத்தெட்டு வருடம் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்திருந்தவர் அவர். நான் ஸ்டோரில் இருந்தேன். கோகிலா மேனேஜர் ஆபிஸில் டைப்பிஸ்ட். மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம், ஒன்றாகச் சண்டை போட்டோம். சண்டையில் பாதிக்கு மேல் நான் ஆரம்பித்தது.

ஒரு மழை நாளில் நடந்ததை லோரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வரிசை மெயின் ரோடு வரைக்கும் நின்றது. கடைசியில் நின்ற லோரியிலிருந்து ஒருவர் இறங்கி ஓடி வந்து, மனைவிக்கு வலி வந்துவிட்டது, பழத்தை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். பிலோமினா அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போய், அந்த லோரியை முன்னால் வரச் சொன்னார். மற்றவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அக்கா அவர்கள் முன்னால் நின்றுகொண்டு, "எல்லாரும் ஒரு நாளு பொறந்தவங்கதானே? சும்மா இருங்க லா" என்றார். ஹாரன் நின்றுவிட்டது. பிறந்தது பெண் குழந்தை என்று மறுநாள் அந்த லோரிக்காரர் வந்து சொன்னபோது, ஹாரன் அடித்தவர்களுக்கும் சேர்த்து அக்காதான் பலகாரம் வாங்கிக் கொடுத்தார்.

வேலையை விட்ட பிறகு நாங்கள் மூன்று திசையில் பிரிந்தோம். அக்கா பத்தாங் பெர்ஜுந்தாயிலேயே தம்பி அந்தோணி வீட்டில் தங்கினார். கோகிலா கோலசிலாங்கூரில். நான் இங்கே. மாதத்துக்கு ஒரு நாள் கோகிலா வீட்டில் சந்திப்பது என்று வைத்துக்கொண்டோம். அப்படி ஒரு சந்திப்புக்குத்தான் அக்கா ஒரு கேமராவைக் கொண்டு வந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக். பார்ப்பதற்கு நம் காலத்து பிலிம் கேமரா மாதிரியே இருக்கும். உள்ளே பிலிம் கிடையாது, நகத்தளவு கார்டுதான். பின்னால் படம் பார்க்கத் திரையும் கிடையாது. ஒரு கண்ணை மூடி, சின்ன ஓட்டை வழியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

"போன்லேயே நல்லா வருதே, இந்த விளையாட்டுச் சாமானை எதுக்கு வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"போன்ல எடுத்தா உடனே பாத்துட்டு, என் கண்ணு மூடி இருக்கு, என் வயிறு தெரியுது, இன்னொண்ணு எடுங்கன்னு உயிர எடுக்கிறே. இதுல பாக்க முடியாது தனம். எடுத்தது எடுத்ததுதான்."

பார்க்க முடியாமல் போனதுதான் நல்லது. அக்கா முதல் நாள் எடுத்த படங்களைக் கோகிலா கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். ஒருவருக்கும் தலை இல்லை. ஓட்டையில் முழு ஆளும் தெரிகிறார், படத்தில் கழுத்துக்கு மேல் காணோம். எனக்குத் தலை இல்லை, கோகிலாவுக்கு இல்லை, அவள் கணவர் கையில் காப்பிக் கோப்பையோடு தலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் அக்கா தம் கோயில் திருவிழாவில் பங்குச் சாமியாரையும் அப்படியே எடுத்துவிட்டு வந்தார். சாமியார் பார்த்துவிட்டு, அங்கி நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னாராம்.

அக்கா விடவில்லை. திம்பாங்கில் எடையை இரண்டு தடவை பார்க்காமல் எழுதாத கை அது. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, எடுத்து எடுத்துப் பார்த்து, ஓட்டையில் தெரிவதற்கு மேல் இரண்டு விரல் அளவு வானம் விட்டால் தலை தப்பிக்கும் என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு எங்களுக்குத் தலை முளைத்தது. இன்னொரு குறையை மட்டும் அவரால் சரிசெய்ய முடியவில்லை. பேட்டரி தீரும்போதெல்லாம் கேமராவின் தேதி ஜனவரி முதல் நாளுக்குப் போய்விடும். படத்தின் மூலையில் அந்தத் தேதிதான் விழும். "இருக்கட்டும் லா, நமக்குத் தினமும் புது வருசம்" என்று விட்டுவிட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மூன்று பேர் சேர்ந்து படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். பலர் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். என்னால் முடியாது. எனக்குப் பதினோரு வயதில், தோட்டத்து லயத்து வாசலில் என் அண்ணன் இரண்டு கூட்டாளிகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டான். அந்த மாதமே மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து செத்தான். அந்தப் படத்தை அம்மா அடுப்பில் போட்டதை நான் பார்த்தேன். அதனால் ஆலையில் நாங்கள் மூவரும் நின்றால் நான் வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகாவையாவது இழுத்து வந்து நாலாவது ஆளாக நிறுத்துவேன். யாரும் கிடைக்காவிட்டால் நானே விலகிவிடுவேன். அத்தனை வருடத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது.

பிலோமினா அக்கா இதை வைத்து என்னைக் கேலி செய்வார். "எங்களுக்கு மூணுதான் லா விசேஷம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. அவுங்களுக்கு என்ன ஆச்சு?" என்பார். ஆனால் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. அண்ணன் கதை அவருக்குத் தெரியும்.

கடைசியாகச் சந்தித்தபோது, கோகிலா ஊரில் இருக்கும் புக்கிட் மெலாவாத்தி மலைக்குப் போகலாம் என்று அக்காதான் கேட்டார். வேலை நாள், மேலே ஆள் நடமாட்டம் இல்லை, குரங்குகள்தான் இருந்தன. மரத்தடியில் சுற்றிவிட்டு, பழைய பீரங்கியின் முதுகில் கேமராவை வைத்து, அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். பொத்தானை விடாமல் அழுத்தினால் சிவப்பு விளக்கு பத்து முறை மின்னிவிட்டுத் தானே படம் எடுக்கும்.

"மூணு பேரும் நிப்போம்" என்றார்.

"அக்கா, என்னைப் பத்தித் தெரிஞ்சும் கேக்கிறீங்களே."

"அந்தக் கொரங்கையும் எண்ணிக்கோ, நாலாச்சு."

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நடுவுல நான் நிக்கிறேன் தனம். வந்தா எனக்கு வரட்டும். ஒரே ஒரு தடவ."

"வாயக் கழுவுங்கக்கா" என்று கத்தினேன். அவர் பொத்தானை அழுத்திவிட்டு வந்து எங்கள் நடுவில் நின்றார். விளக்கு மின்னியது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு வரைக்கும் நின்றேன். எட்டாவது முறை மின்னியதும் வெளியே ஓடிவிட்டேன்.

கோகிலா என்னைத் திட்டினாள். அக்கா திட்டவில்லை. கேமராவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி லா, பசிக்குது, போய்ச் சாப்புடுவோம்" என்றார். மீன் சாப்பாட்டுக் கடையில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காஸ்ட்ரிக், வெறும் வயிற்றெரிச்சல்தான் என்றார். அடுத்த மாதச் சந்திப்புக்கும் காஸ்ட்ரிக் என்று சொல்லி வரவில்லை. நானும் நம்பினேன். அதற்குப் பிறகு அந்தச் சனிக்கிழமைதான்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அந்தோணி சொன்னார், வயிற்றில் கட்டி என்று. "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்கெல்லாம் மலைக்குப் போனீங்களே, அதுக்கு முந்துன வாரமே ரிசல்ட்டு வந்திருச்சு."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். போவது தாம்தான் என்று தெரிந்ததால், எனக்குப் பயமில்லாமல் இருக்கட்டும் என்று நடுவில் வந்து நின்றிருக்கிறார். நான் ஓடினேன். மூன்று பேர் நிற்கவே இல்லை. ஆனாலும் அவர் போய்விட்டார். இத்தனை வருடம் நான் யாரைக் காப்பாற்றினேன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்ட ஒன்றே ஒன்றை மறுத்துவிட்டேன் என்பது மட்டும் தெரிகிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அந்தோணி கேமராவை என் கையில் கொடுத்தார். "தனத்துக்குக் குடுன்னு சொன்னாங்க" என்றார். அங்கிருந்து நேராகக் கோகிலா வீட்டுக்குப் போய்ப் படங்களைத் திறந்தோம். எல்லாவற்றின் மூலையிலும் ஜனவரி முதல் நாள். கடைசிப் படம் மலையில் எடுத்தது. கோகிலா நிற்கிறாள். பக்கத்தில் அக்கா, ஒரு கையைக் கோகிலா தோளில் போட்டிருக்கிறார். இன்னொரு கையை மறுபக்கம் நீட்டியிருக்கிறார், என் தோள் உயரத்துக்கு. அங்கே நான் இல்லை. என் சேலை முந்தானை மட்டும் ஓரத்தில் ஓடுகிறது. அவர் கையை இறக்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். தலை வெட்டுப்படவில்லை, மேலே சரியாக இரண்டு விரல் வானம்.

கோகிலாவைக் கூட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே மலைக்குப் போனேன். அதே பீரங்கி, அடியில் முட்டுக் கொடுக்க ஒரு கல். பொத்தானை அழுத்திவிட்டு ஓடி வந்து நின்றேன். இரண்டு பேர்தான், பயப்பட ஒன்றுமே இல்லை. என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். கோகிலா என்னிடம் நெருங்கி வந்தாள். "அங்கேயே நில்லு" என்றேன். எங்கள் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டேன். அக்கா என்னைவிடக் குள்ளம். அவர் தோள் இருக்கும் உயரத்துக்குக் கையை நீட்டினேன்.

அந்தப் படத்தை இன்னும் திறந்து பார்க்கவில்லை. எடுத்தது எடுத்ததுதான். பிலோமினா அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, நான் ஓடிய பிறகும் இறங்காத அந்தக் கை. அன்று அங்கே யாராவது எங்களைப் பார்த்திருந்தால் மூன்று என்றே எண்ணியிருக்கட்டும். விளக்கு பத்து முறையும் மின்னி முடிந்தது. நான் நகரவில்லை.