பூட்டுக்கு விருந்து வைத்த ஜெரிடா

எங்கள் சபையில் பாடுகிறவர்கள் நிறையப் பேர், பேசுகிறவர்கள் அதைவிட நிறையப் பேர். சமையல் என்று வந்தால் ஒரே ஒருத்திதான், என் அண்ணி ஜெரிடா. எங்கள் மரகோலி இனத்துக் குன்றில் கல்யாணமோ சாவோ மாநாடோ, முதலில் ஆள் ஓடுவது பாஸ்டர் வீட்டுக்கு அல்ல, அண்ணி வீட்டுக்கு. அவளும் கூப்பிட்டவுடன் வந்துவிடமாட்டாள். "போன தடவை வாங்கிட்டுப் போன பெரிய பானை எங்கய்யா?" என்று வந்தவனை வாசலிலேயே நிறுத்தி ஒரு வாங்கு வாங்கிவிட்டுத்தான் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கிளம்புவாள்.

என் அண்ணன் எஸ்ரா அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு உகாலி என்னும் சோளமாவுக் களிகூட ஒழுங்காகக் கிண்ட வராது என்று என் அம்மா சொல்லுவாள். நான் நம்பியதில்லை. என் அம்மா யாரைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு வாழைக்குலை விற்றே பிள்ளைகளை ஆளாக்கினாள் அண்ணி. ஒரு நாளும் அழுமூஞ்சியாக இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் அவள் குரல் மட்டும் சுருதியை விட்டு விலகி, மற்றவர்களைவிட ஒரு அடி முன்னால் போகும். நான் இருபது வருஷம் வேன் ஓட்டியவன், ஓவர்டேக் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

எங்கள் மருந்தகம் என்கிற சின்ன அரசு ஆஸ்பத்திரியின் நர்ஸம்மாவை மாற்றியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கவுண்டி, அதாவது மாவட்ட, ஆட்சிச் சபையில் எங்கள் பகுதிக்கு மெம்பர் அடகாலா. அவர் அம்மா பிறந்த ஊரில் புது மருந்தகம் திறந்தார்கள். அதற்கு ஒரு நர்ஸ் வேண்டும். எங்கள் நர்ஸைத் தூக்கி அங்கே போட்டுவிட்டார்கள். இங்கே பிரசவ அறையோடு சேர்த்து மருந்தகத்துக்கே பூட்டு விழுந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷமாக வலி எடுத்தவர்களைப் பைக்கில் வைத்து மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒருத்திக்குப் பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. நல்லவேளை, இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்தப் பையனை ஊரே பெட்ரோல் என்றுதான் கூப்பிடுகிறது.

ஊருக்கு அது சிரிப்பு. அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய கடைசிப் பெண் கககேஹா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளையை அந்த மலை வழியிலேயே பறிகொடுத்தவள் அவள். இந்த முறையும் அதே மலை, அதே பைக் என்றால் என்ன ஆகும் என்ற பயத்தில் அண்ணிக்குப் பாட்டுகூட சுருதி சேர ஆரம்பித்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

ஆராதனை முடிந்து எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அண்ணி எழுந்தாள்.

"பாஸ்டரய்யா, வர்ற ஞாயிறு மெம்பர் நம்ம சபைக்கு வர்றாராமே. நர்ஸைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை கேளுங்க."

பாஸ்டர் கெவெரெங்கே நல்ல மனிதர். யாராவது தும்மினால்கூட அவர் மன்னிப்புக் கேட்பார். "ஜெரிடாக்கா, சபை அரசியல்ல இறங்கக் கூடாது. ஆளுறவங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னுதான் நமக்குக் கட்டளை. அவங்களோட மல்லுக்கு நில்லுங்கன்னு இல்ல" என்றார்.

"ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்குது. மெம்பருக்குத்தானே கேக்கல?"

மூப்பர் சாவாசு கைத்தடியைத் தரையில் தட்டினார். "அரசியல் சாக்கடைம்மா. அதுல கால வெச்சா நாறும்."

"நாம கால வெக்கலன்னா மட்டும் அந்தச் சாக்கடை நம்ம வாசல்ல ஓடாதா மூப்பரே?"

பின் பெஞ்சில் இருந்த இளவட்டங்களுக்கு இதுதான் சாக்கு. "ரோட்டுல கல்லை உருட்டி மெம்பர் வண்டியை மறிப்போம்!" என்று கத்தினார்கள். எங்கள் குன்றில் கல்லுக்கா பஞ்சம்? பாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. சபைக் கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புதுத் தகரம் தருவதாக மெம்பர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை பாஸ்டர் மறைக்கவில்லை, எல்லார் முன்னாலும் சொல்லியே விட்டார். "அவரைக் கோபப்படுத்தினா மழைக்காலத்துல பிள்ளைங்க நனையும்க்கா."

அண்ணி துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். பிறகு, "சரி. கல்லும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். மெம்பருக்கு விருந்துச் சமையல் யாரு? நான்தானே?" என்றாள்.

"நீங்கதாங்க்கா."

"அப்போ நீங்க ஜெபம் பண்ணுங்க. நான் சமைக்கிறேன்."

பாஸ்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். நான் நம்பவில்லை. அண்ணி இவ்வளவு சீக்கிரம் அடங்குகிறவள் இல்லை.

எங்களிடம் விருந்தாளிக்குக் கோழி அடித்தால் இமோண்டோ யாருக்கு என்பதில் இரண்டாவது பேச்சே கிடையாது. இமோண்டோ என்பது கோழி தின்ற தீனியை அரைக்கிற அந்தச் சின்னச் சதை உருண்டை. வீட்டில் அது தலைவனுக்கு, விருந்தில் பெரிய விருந்தாளிக்கு. புதுப்பெண் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டதற்காக, போய் ஒரு முழுக் கோழியோடு வா என்று தாய் வீட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. கோழியே இல்லாமல் விருந்தாளியை அனுப்பினால் வறுமை என்று விட்டுவிடுவார்கள். கோழி வைத்து இமோண்டோ வைக்காவிட்டால், நீ எனக்கு ஒன்றுமே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது போல.

ஞாயிற்றுக்கிழமை மெம்பர் வந்தார். சும்மா வணக்கம் மட்டும் சொல்கிறேன் என்று ஆரம்பித்துப் பிரசங்கத்தைவிட நீளமாகப் பேசினார். பிறகு பாஸ்டர் வீட்டில் பந்தி. அண்ணியே செம்பில் தண்ணீர் ஊற்றி மெம்பருக்குக் கை கழுவிவிட்டாள். உகாலி வந்தது, கீரை வந்தது, கோழிக் குழம்புக் கிண்ணத்தை மெம்பர் முன்னால் வைத்தாள். வாசனையில் எனக்கே எச்சில் ஊறியது.

மெம்பர் கிண்ணத்தைத் துழாவினார். தொடைக்கறி இருந்தது, ஈரல் இருந்தது. இன்னொரு முறை துழாவினார். பக்கத்தில் இருந்த உதவியாளனும் எட்டிப் பார்த்தான். மூப்பர் சாவாசு வாய்க்குப் போன உகாலியைப் பாதியில் நிறுத்தினார். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணினாரா, மயக்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் மெம்பர் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "ஏம்மா, உங்க ஊர்க் கோழிக்கு இமோண்டோ கிடையாதா?" என்றார்.

"இருக்குங்கய்யா" என்றாள் அண்ணி, பவ்யத்தில் ஒரு குறை இல்லாமல். "இமோண்டோ தலைவருக்கு உள்ளதாச்சே. எங்க மருந்தகத்துக்கு இப்போ யாரு தலைவர்னு யோசிச்சுப் பாத்தேன். டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல. பூட்டு மட்டும்தான் ராப்பகலாத் தொங்கிக்கிட்டு வேலை பாக்குது. அதான் பூட்டுக்கே குடுத்துட்டேன். வாழை இலையில கட்டி அது மேலயே தொங்கவிட்டிருக்கேன்."

 மெம்பர் கோபித்துக்கொண்டு வண்டியில் ஏறியிருக்கலாம். ஏறினால் இமோண்டோ கொடுக்காமல் துரத்தப்பட்டவர் என்ற பேர் ஒட்டிக்கொள்ளும். அவரும் மரகோலி ரத்தம்தானே, அது தெரியாதா? "அப்போ என் பங்கை நானே போய் வாங்கிக்கிறேன்" என்று எழுந்தார். பந்தி மொத்தமும் எழுந்து பின்னாலேயே போனது. நான் மட்டும் ஒரு தொடைக்கறியைக் கையோடு எடுத்துக்கொண்டேன். விருந்தை வீணாக்குவது பாவம்.

மருந்தகப் படிக்கட்டில் கககேஹாவும் இன்னும் சில கர்ப்பிணிப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. பூட்டின் மேல் வாழை இலை கிழிந்து தொங்கியது, உள்ளே ஒன்றும் இல்லை. மேலே கூரையில் ஒரு காக்கா அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. அண்ணிக்கே அது எதிர்பாராத விஷயம். ஆனால் அவள் வாய் எதற்கும் சும்மா இருந்ததில்லை.

"நீங்க வர நேரமாச்சுன்னு வேற தலைவர் பொறுப்பு எடுத்துக்கிட்டார் போலங்கய்யா."

கர்ப்பிணிப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மெம்பர் பூட்டைப் பார்த்தார், அவர்கள் வயிறுகளைப் பார்த்தார், கடைசியில் அவரும் வெடித்துச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்தபோது கககேஹா மெதுவாகக் கேட்டாள். "ஐயா, போன தடவை எனக்கு வழியிலயே போயிடுச்சு. இந்தத் தடவையாவது இந்தக் கதவு தெறக்குமா?"  மெம்பர் தலையைக் குனிந்ததை நான் பார்த்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

மரியாதை ஒரு பக்கம், பயமும் வேலை செய்தது. அடுத்த சந்தையில் அவர் வண்டி எங்கே நின்றாலும் பைக் ஓட்டுகிறவர்கள், "மெம்பரே, இமோண்டோ கெடச்சுதா?" என்று கேட்டார்கள். மழை தொடங்குவதற்குள் நர்ஸம்மா தன் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

கககேஹாவுக்கு வலி எடுத்த அன்று கொட்டோ கொட்டென்று கொட்டியது. பாதையில் பைக் ஏறியே இருக்காது. பிள்ளை கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு வந்தது. நர்ஸம்மா அதை எடுத்துவிட்டு, தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், ஊதினாள், தேய்த்தாள். வெளியே அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எலும்பு நொறுங்கும் பிடி அது. உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதும் அவள் பாட ஆரம்பித்தாள். சுருதி சுத்தமாக விலகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்?

பிறகுதான் மெம்பரின் ஆள் வந்தான். கட்சியில் மகளிர் தலைவி பதவி, வண்டியில் முன் சீட்டு, சபைக்குத் தகரம், எல்லாம் அண்ணி சரி என்றால் நாளைக்கே.

வேடிக்கை என்னவென்றால், அரசியல் சாக்கடை என்ற அதே மூப்பர் சாவாசு, "ஏத்துக்கம்மா, உள்ள இருந்தாத்தான் நல்லது பண்ண முடியும்" என்றார். பாஸ்டரும் தயங்கித் தயங்கி, "ஆண்டவர் ஒரு கதவைத் தெறக்கிறாரோ என்னவோக்கா" என்றார்.

"பாஸ்டரய்யா, தம்பி அடகாலா மேல எனக்குக் கோபம் இல்ல. தினமும் பேர் சொல்லித்தான் ஜெபம் பண்றேன். இன்னொரு தடவ வந்தா நல்ல கோழியா அடிச்சு முழுசாப் போடுவேன். ஆனா அவர் வண்டியில ஏறிட்டேன்னா நான் அவர் ஆளு. நாளைக்கு மறுபடி பூட்டு தொங்குனா யாரைப் போய்க் கேப்பேன்? என்னையேவா?"

"தகரம்க்கா..."

"தகரம் நம்ம வாங்குவோம். வாழைக்குலை விக்கிறது நின்னா போச்சு?"

பாஸ்டர் ஓட்டைக் கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவரே அந்த ஆளைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். தும்மலுக்கு மன்னிப்புக் கேட்கிற மனிதர் அன்று மன்னிப்பே கேட்கவில்லை.

பேத்தியை ஆசீர்வதிக்கச் சபைக்குக் கொண்டுவந்த ஞாயிறன்றும் மழை. நாங்கள் குவேக்கர்கள், தண்ணீர் ஞானஸ்நானம் எங்களுக்குக் கிடையாது. கூரைக்கு அது தெரியுமா? பாஸ்டர் பிள்ளையைக் கையில் வாங்கி ஜெபத்தைத் தொடங்கியதும் ஓட்டை வழியாகச் சொட்டென்று ஒரு துளி நேராகக் குழந்தையின் நெற்றியில் விழுந்தது. அது வீலென்று கத்தியது. மூப்பர் சாவாசு இதுதான் சமயமென்று அண்ணி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா ஜெரிடா? தகரத்தை வாங்கியிருந்தா பிள்ளை நனைஞ்சிருக்குமா?"

அண்ணி பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். துடைக்கக்கூட இல்லை.

"நனையட்டும் மூப்பரே. நனையறதுக்குப் பிள்ளை இருக்கே" என்றாள்.