வெயிலில் நாற்பது கம்பளிச் சட்டை

அந்தப் போட்டோ எடுத்த அன்று உபதேசியார் இருந்தார். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலையும் அதை ஒட்டின பள்ளிக்கூடத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அவர் சம்சாரம் ரூத்தம்மா இருந்தார். சைக்கிளில் வந்த போட்டோக்காரர் இருந்தார். பிள்ளைகள் இருந்தார்கள், என் தங்கை பேச்சியும் அதில் சேர்த்தி. எதிர்வீட்டுச் சீனியக்கா, நான், எங்களைப்போல் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற பொம்பளைகள் இன்னும் ஏழு பேர். வேப்பமரமும் ஒன்று இருந்தது. அதன் நிழலில் நிற்கவிடவில்லை. போட்டோவுக்கு வெளிச்சம் வேண்டுமாம்.

இது இப்போது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், போன வாரம் சிவகாசி பஜாரில் ஒரு கடை வாசலில் கம்பளிச் சட்டை தொங்கியது. சித்திரை மாதம். நின்று சிரித்துவிட்டேன். "வேணுமாம்மா?" என்றார் கடைக்காரர். "போதும்யா, ஒருதரம் போட்டாச்சு" என்றேன். மோந்து பார்த்தேன். அந்துருண்டை வாசனை. அதே வாசனைதான்.

முன்பு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பார்சலும் அப்படித்தான் மணந்தது. அனுப்பியது வெளிநாட்டில் ஒரு சின்ன ஊர்ச் சபை. பணக்காரச் சபை இல்லை என்பார் உபதேசியார். அங்குள்ள பொம்பளைகள் கையால் பின்னியது, நாற்பது சட்டை. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் அவர்களுக்காக வருத்தப்பட்டோம். "வெயிலே காணாத ஊராம்ல. பாவம், ஒட்டுன பெட்டிய எங்கன காயப்போடுவாக?" என்றாள் சீனியக்கா.

கூடவே கடிதம். நாற்பது பேர் படித்தால் இன்னொரு வாத்தியாருக்குச் சம்பளம் அனுப்புகிறோம், சட்டையைப் போட்டு ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று.

பள்ளியில் நாலாவது வரைதான், இன்னொரு வாத்தியார் வந்தால்தான் ஐந்தாவது. பேச்சி நாலாவது முடிக்கப்போகிறாள். ஐந்தாவது வராவிட்டால் அவள் தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடுக்கப் போகவேண்டும். அப்பா சொல்லிவிட்டார். நான் எட்டு வயதில் ஒட்ட உட்கார்ந்தவள். பள்ளிக்கூடம் என்றால் எனக்குக் கஞ்சி வாசனைதான். வேதக்கோயில் பொம்பளைகள் உலை வைக்கும்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அவர்கள் வீட்டிலேயே ஒரு நாள் அரிசி இருக்கும், ஒரு நாள் இருக்காது. எங்களைப்போல் கோயில் வேறான வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கஞ்சிதான் குடித்தார்கள்.

போட்டோ நாள், கம்பெனியில் வேலை மும்முரமான சீசனில் வந்தது. எண்ணினால் பிள்ளைகள் முப்பத்தொன்று, ஒன்பது குறைவு. மற்ற பிள்ளைகள் கம்பெனியில். உபதேசியார் முகம் வாடிவிட்டது. வீட்டுக்குள் போனார்.

நான்தான் முதலில் ஒரு சட்டையை எடுத்தேன். தலை போயிற்று, கை பாதியில் நின்றது. வேடிக்கை பார்க்க வந்திருந்த மற்ற எட்டுப் பொம்பளைகளும் திணித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் குந்தினோம். விரலெல்லாம் பசைக்குப் போடும் மயில்துத்த நீலம். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் இருந்து, "பின்னால உள்ள பிள்ளைக மூக்குத்திய மறைச்சுக்கிடுங்க" என்றார்.

முன்வரிசையில் சீனியக்கா மகன் திரும்பிப் பார்த்தான். "எம்மா, நீ எதுக்கு இங்கன உக்காந்திருக்க?"

"ஏலே, முன்னால பாருலே. நான் உங்கம்மா இல்ல."

எல்லோரும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார். உபதேசியார் வெளியே வந்தபோது முடிந்துபோயிற்று. போட்டோக்காரர் கொண்டுவந்த பிளேட்டும் ஒன்றுதான், மறுபடி எடுக்க முடியாது.

உபதேசியார் எங்களைப் பார்த்தபடி நின்றார். சட்டைக்குள் வேர்வை ஓடுகிறது. கழற்றப் பயம்.

"பொய்ய அனுப்ப மாட்டேன்" என்றார்.

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ரூத்தம்மாதான் பேசினார். "அப்ப மெய்யாக்கிட்டு அனுப்புங்க." உள்ளே போய் ஆஜர் நோட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் நோட்டைப் பிரித்தார். பிறகு உட்கார்ந்தார். "பேரச் சொல்லுங்க. போட்டோவுல இருக்கவுக எல்லாம் நாளைலேருந்து படிக்க வரணும்."

"பெட்டிய யாரு ஒட்டுவா, உங்க சம்சாரமா?" என்றாள் சீனியக்கா.

"ஒட்டிட்டு வா. பொழுது சாயுமுன்ன ஒரு மணி நேரம்" என்றார் ரூத்தம்மா.

"எம்மவனும் நானும் ஒரே கிளாசா?"

"அவன் ரெண்டாவது. நீ ஒண்ணாவது."

உபதேசியார் உள்ளதை உள்ளபடி எழுதினார். பிள்ளைகள் முப்பத்தொன்று, பெரியவர்கள் ஒன்பது என்று. பதில் வர மாதக்கணக்காயிற்று. பேச்சி தினமும் தபால்காரர் பின்னாலேயே போவாள். நான் ஒட்டிக்கொண்டே வாசலைப் பார்ப்பேன். கடைசியில் வந்தது. நாற்பது பேர் என்றுதானே கேட்டோம், வயது கேட்கவில்லையே என்று எழுதியிருந்தார்களாம். வாத்தியாருக்குச் சம்பளம் உண்டு. கூடவே ஒரு பார்சல். பிரித்தால், பெரிய அளவில் ஒன்பது கம்பளிச் சட்டை. தெருவே விழுந்து சிரித்தது.

என்னுடையதைத் தலையணைக்குள் திணித்தேன். நன்றாய் உழைத்தது.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இன்று ரோடு. வீட்டில் பெட்டி ஒட்டுவது போய் மெஷின் வந்துவிட்டது. பெட்டி எடுக்க வரும் ஏஜென்ட் கைநாட்டுக்கு மைப்பெட்டி கொண்டுவருவார். அது முதலிலேயே போயிற்று, நாங்கள் கையெழுத்துப் போடக் கற்றதால். இதையும் அந்த ஒரு மணி நேரப் படிப்பில்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது என்றால் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று எங்கள் ஊரில் அதுதான் முதல் ஐந்தாவது. புது வாத்தியார் வந்த அன்று தெருவே போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். ஐந்தாவதில் உட்கார்ந்திருந்த பொம்பளைப் பிள்ளைகள், பேச்சியோடு சேர்த்து, நாலு.