லைவில் விழுந்த முகம்

உடையார்கட்டுச் சந்தியில் தயாளினி புடைவைக் கடை வைத்திருக்கிறாள். கணவன் குகதாசனுக்கு வயலே பொழுது; கடை முழுக்க அவள் பொறுப்பு. முன்பெல்லாம் கல்யாண மாதங்களில் கடைக்குள் நிற்க இடமிருக்காது. பிறகு பெண்கள் வந்து சீலையை விரித்து, கரையைத் தடவிப் பார்த்து, போனில் படமெடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். "வீட்டில காட்டிப்போட்டு வாறம் அக்கா" என்பார்கள். வரமாட்டார்கள். பிறகொரு நாள் கோயிலில் பார்த்தால், போனில் சொல்லி எடுப்பித்த அதே மாதிரிச் சீலை கொழும்பிலிருந்து பார்சலில் வந்து அவர்கள் உடம்பில் இருக்கும்.

கடையைப் பூட்ட வேண்டி வருமோ என்ற பயத்தில்தான் அவளும் போனைக் கையிலெடுத்தாள். அதை மேசையில் நிறுத்தி, பேஸ்புக்கில் லைவ் போனாள். முதல் நாள் சீலையின் விலையைச் சொல்லவே மறந்துபோனாள். ஆனால் கனடாவிலும் சுவிசிலும் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஊரிலுள்ள சொந்தங்களுக்கென்று சீலை கேட்டார்கள். கடை நிமிர்ந்தது.

ஒரு பின்னேரம் லைவ் போய்க்கொண்டிருந்தபோது கமலாட்சி வந்தாள். கணவன் பிரதாபன் இறந்த பிறகு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து மகளை வளர்ப்பவள். பின்பக்க அலுமாரியடியில் நின்று, கல்யாணத்துக்குக் கட்டும், சரிகை போட்ட அரக்குச் சிவப்புக் கூறைச்சீலையொன்றைத் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். தன்னையறியாமல் சிரித்தாள். தயாளினி அவளைக் கவனிக்கவில்லை. போனைப் பார்த்துப் பருத்திச் சீலையின் அருமை சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரையில் ஓடிய கருத்துகளில் ஒன்று அவளை நிறுத்தியது.

"பின்னால நிக்கிறது எங்கட பிரதாபன்ர மனுசியெல்லோ? கூறைச்சீலை ஆருக்காம்?"

சுவிசிலிருக்கும் பிரதாபனின் அக்கா எழுதியிருந்தாள். தயாளினி சட்டென்று போனைக் கவிழ்த்தாள்.

"என்னக்கா, முகம் வெளிறிப்போச்சு?" என்றாள் கமலாட்சி.

தயாளினி சொன்னாள். கமலாட்சி சீலையை மெல்ல அலுமாரியிலேயே வைத்தாள்.

"இப்பவே அழிக்கிறன் பிள்ளை."

அழிக்கத்தான் செய்தாள். அதற்குள் யாரோ திரையைப் படமாக எடுத்து, சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கமலாட்சி ஒன்றும் வாங்காமல் போனாள்.

மறுநாள் காலை கதை வந்தது. பிரதாபனின் தம்பி கமலாட்சியின் படலையடியில் நின்று கத்தினானாம். மகள் கஜேந்தினி பள்ளிக்கூடம் போகவில்லையாம். தயாளினி கடையைப் பூட்டினாள். அந்தச் சிவப்புச் சீலையைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள்.

கமலாட்சி கதவைத் திறந்தாள். இருக்கச் சொல்லவில்லை.

"என்னோட வேலை செய்யிற ராசுவை நான் கட்டப்போறன் அக்கா. அதில எனக்கு வெக்கமில்லை. ஆனா பிள்ளைக்கு நானெல்லோ சொல்லியிருக்கோணும்? எப்பிடிச் சொல்லுறதெண்டு நாள் பாத்துக்கொண்டிருந்தனான். உங்கட போன் முந்திச் சொல்லிப்போட்டுது."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அறைக்குள்ளிருந்து கஜேந்தினி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"இதுவோ அந்தச் சீலை?"

"ஓம் பிள்ளை."

அவள் கடதாசியைப் பிரித்துப் பார்த்தாள். "எல்லாரும் பாத்திட்டினம். நான்தான் கடைசி" என்று சொல்லி, சீலையோடு உள்ளே போய்விட்டாள். தாய் பின்னாலேயே போனாள். உள்ளே அழுகையும் தாழ்ந்த குரலில் பேச்சும் நெடுநேரம் கேட்டன. தயாளினி வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

வைகாசியில் கமலாட்சியின் பதிவுத் திருமணம் நடந்தது. பிரதாபன் வீட்டார் எவரும் வரவில்லை. கஜேந்தினி வந்தாள், தாயின் பக்கத்தில் நின்றாள், யாரும் படமெடுக்கப் போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தயாளினி லைவை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கடை இல்லை. இப்போது பின்னால் ஒரு திரைச்சீலை தொங்க, கடை திறக்குமுன்னே பேசி முடிக்கிறாள். ஆனாலும் வரும் பெண்கள் வாசலிலேயே நின்று, "அக்கா, போன் ஓடுதோ?" என்று கேட்கிறார்கள். அவள் இல்லையென்கிறாள். சிலர் உள்ளே வருகிறார்கள். சிலர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பஸ் வருகிறது என்று நகர்ந்துவிடுகிறார்கள்.