பாதியில் நின்ற கை

அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே இருந்தது அந்த பனியன் கம்பெனி. துணி செக்கிங் மெஷினுக்கு மேலே கேமரா மாட்டியிருந்தார்கள். அது எடுக்கும் படத்தை ஜிபியு என்ற படச் சில்லு தன் மெமரியில் வைத்துத் துலக்கிக் கொடுக்கும்; அங்கிருந்து வாங்கி, கம்ப்யூட்டர் புரோகிராம் ஓட்டை தேடும். செய்துகொடுத்தவர்கள் போனை எடுப்பதில்லை என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். அடுத்தவன் எழுதிய புரோகிராமைத் திட்டிக்கொண்டே சரிசெய்வதுதான் என் பிழைப்பு.

"மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க மேடம். பார்த்துட்டு, நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டாப் போதுமுங்க" என்றார்.

திரையில் சுத்தமாகப் பாஸ் ஆன துணி, கட்டிங் டேபிளிலிருந்து ஓட்டையோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. செக்கிங்கில் நிற்கும் பெண்தான் மெஷினிலிருந்து துணியை இறக்கும்போது கிழிக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். வளையலைக் கழற்றச் சொல்லி, நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லியும் ஓட்டை நிற்கவில்லை. நான் 'மெஷின் சரி' என்றால் அன்றைக்கே அவளை நிறுத்திவிடுவார்கள்.

"நான் கிழிக்கலக்கா, சத்தியமா" என்றாள் அவள். தெற்கத்திப் பேச்சு. "வேல போச்சுன்னா பிள்ளைகளக் கூட்டிட்டு ஊருக்குத்தான் போகணும்."

ஜிபியு படத்தின் ஒவ்வொரு புள்ளி வரிசையையும் கடைசியில் கொஞ்சம் காலியிடம் விட்டு அடுக்கும். அதைக் கம்ப்யூட்டர் மெமரிக்குக் கொண்டுவர இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: வரிசைக்கு எவ்வளவு எடுப்பது, அடுத்த வரிசைக்கு எவ்வளவு தாண்டுவது. தாண்டுவது தப்பினால் படம் சாய்ந்துவிடும். எல்லாரும் சறுக்குவது அங்கேதான். இங்கே படம் ஆணி அடித்த மாதிரி நேராக நின்றது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அப்போது அவள் சுருக்கம் நீவ, இடது ஓரத்திலிருந்து துணிமேல் குனிந்து எட்டிக் கையை நீட்டினாள். திரையில் முழங்கை வரைதான் கை. அதற்கப்புறம் வெள்ளைத் துணி. விரல்களைக் காணோம்.

"அப்படியே இரும்மா, எடுக்காதே!" என்று கத்தினேன்.

வரிசைக்கு எத்தனை பைட் எடுப்பது என்று சொல்ல வேண்டிய இடத்தில், எத்தனை புள்ளி என்று எழுதி வைத்திருந்தான் இந்தப் புரோகிராமைச் செய்த மகராசன். ஒரு புள்ளிக்கு இரண்டு பைட். ஆக, பாதி வரிசைதான் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் மீதிப் பாதியில் தெரியும் துணி எது?

மெஷினுக்குப் பூஜை போட்ட அன்று, முதல் ஓட்டம் நல்லதாக இருக்கட்டும் என்று குறையே இல்லாத ரோலாகத் தேடி ஓட்டியிருக்கிறார்கள். ஆன் செய்யும்போதெல்லாம் அந்தப் படத்தை, ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியாக, கேமரா படம் வந்து விழும் அதே மெமரியில் ஏற்றியது புரோகிராம். புதிதாக வரும் படம் அதன் இடது பாதியை மட்டுமே மூடியது; வலது பாதி எப்போதும் பூஜை அன்றைய துணி. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் யார் வித்தியாசம் கண்டார்கள்?

சரிசெய்து அதே ரோலை மறுபடி ஓட்டினேன். வலது பக்கம் முழுக்க ஓட்டை, ஒரே கோட்டில், சரம் சரமாக. துணி பின்னும்போதே ஊசி கெட்டு விழுந்தவை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முதலாளி வந்து பார்த்தார். முகம் வெளுத்தது.

"அப்ப இதுவரைக்கும் பாஸ் ஆனதெல்லாம்?"

"பாதித் துணியை யாருமே பார்க்கலீங்க."

"ஐயையோ, பாதி ஆர்டர் கப்பலேறிருச்சுங்களே." சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "மேடம், மீதியும் போற வரைக்கும் பழையபடியே ஓடட்டுமுங்க."

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்றேன்.

"பரவால்லீங்க. பழைய புரோகிராம் இதுலயே இருக்குமில்லீங்க?"

இருந்தது. எதை மாற்றினாலும் பழையதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் நாங்கள் கைவைப்போம்.

அவர் அவளிடம் திரும்பினார். "நீ நாளைக்கும் வா கண்ணு. உன்னைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஸ்கிரீன்ல வர்றதைப் பார்த்துப் பாஸ் போடு. ரோலுக்கு ரோலு நீயே கையெழுத்தும் போட்டுரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

"சரிங்க சார்" என்றாள்.