நியாஸ் சேர் இருக்காரா?

போதைப் பழக்கத்திலிருந்து இளசுகளை மீட்கும் ஆலோசகர் வேலையில் பெரிய மருந்து, ஒருமுறை வந்த பிள்ளை மறுபடியும் வருவதுதான். என் கஷ்டம் என்னவென்றால், எல்லோரும் நியாஸைத் தேடித்தான் வருவார்கள். நியாஸ் எங்கள் கண்டி நிலையத்தின் இன்னொரு ஆலோசகர். பதினைந்து வயதில் போதை மாத்திரையில் விழுந்து, எழுந்து, படித்து இந்த வேலைக்கு வந்தவர். நான் வெற்றிலைகூடப் போட்டதில்லை. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

முன் அனுபவம்

குண்டசாலையிலிருந்து கடைக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். பையன் ஐஸ் என்னும் போதைப்பொருளுக்குப் பழகிவிட்டான். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, யாரோடு சேர்த்தி என்று பொறுமையாக விசாரித்தேன். தகப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ் எப்பயாவது பாவிச்சிருக்கீங்களா?" என்றார். சீச்சீ, ஒருநாளும் இல்லை என்றேன் பெருமையாக.

அவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "அப்ப நியாஸ் சேர் வர்ற வரைக்கும் வெளிய இருக்கோம் மிஸ்."

அம்மா தலையில் சத்தியம்

திலக்ஷன் கலஹா தோட்டத்துப் பையன். பதினேழு வயது. வாராவாரம் நியாஸிடம் வந்து, மாத்திரையை ஒருவழியாக விட்டிருந்தான். அந்தச் சந்தோஷத்தில் அவன் தாய் அவனைக் கோவிலுக்குக் கூட்டிப்போய், தன் தலையில் கைவைக்கச் சொல்லி, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார். நிலையத்துக்கு வந்து அவர் அதைச் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. சத்தியம் செய்த பிள்ளை தவறினால் மறைப்பான், மறைத்தால் பழக்கம் வளரும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டவே இல்லை. பிறகு பக்கத்து அறையில் நியாஸும் அவரிடம் இதையேதான் சொன்னார், ஒரு சொல் கூடுதலில்லை.

வெளியே வந்த தாய் என்னிடமே சொன்னார்: "அனுபவப்பட்டவங்க சொன்னாத்தான் மிஸ் மனசுல ஏறுது."

வாசலில் நின்றவன்

ஏறி என்ன, செய்த சத்தியம் செய்ததுதான். திலக்ஷன் வருவதை நிறுத்திவிட்டான். நியாஸ் அழைத்தும் போனை எடுக்கவில்லை. பிள்ளை கைவிட்டுப் போய்விட்டானோ என்று பயந்தேன். அந்தப் பயத்திலும், வந்தால் நியாஸிடம்தானே போவான் என்று எனக்கு ஒரு பக்கம் எரிந்தது.

ஒரு மத்தியானம் மழையில் நனைந்து வாசலில் நின்றான். "நியாஸ் சேர் இருக்காரா?"

"இருக்கார், கூப்பிடவா?" என்றதும் திரும்பிப் போகப் பார்த்தான். பிடித்து உட்காரவைத்தேன். மறுபடியும் மாத்திரை போட்டிருக்கிறான். சத்தியத்தை மீறியதால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நடுங்கினான். ஒருமுறை சறுக்கினால் எல்லாம் போய்விடாது, அம்மாவிடம் நாம் சேர்ந்தே சொல்லுவோம் என்றேன். அழுது முடித்து, அடுத்த வாரமும் என்னிடமே வருவதாகச் சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு நல்ல வார்த்தை கேட்கும் ஆசையில், ஏன் நியாஸிடம் போகவில்லை என்று கேட்டுவைத்தேன்.

"சேரு விட்டுட்டாரு, என்னால முடியல. அவரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது? ஒங்களுக்குத்தான் இதப்பத்தி ஒண்ணுமே தெரியாதே மிஸ்."

இனி யார் என்ன சொன்னாலும், ஒன்றும் தெரியாதவள் என்ற அந்தப் பெயரை மட்டும் நியாஸுக்கு நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.