குடும்பத்தார் கையை மடக்கவும்

எங்கள் வீட்டில் மாடு தொலைந்தால் மற்ற வீடுகளைப் போல மாட்டைக் காணோம் என்று சொல்ல மாட்டோம். "செவலை ஏவால்" என்போம். லீவு சொல்லாமல் ஓடிப்போகிற சிப்பாய்க்குப் பட்டாளத்தில் வைத்திருந்த பெயர் அது. கவுஞ்சியில் எங்கள் பூண்டுக்காட்டில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கப் போட்டிருந்த பரணுக்கு ஓ.பி. என்று பெயர். எதிரியை வேவு பார்க்கும் இடமாம். மூட்டை சுமந்த மட்டக்குதிரைகள் இரண்டும் எம்.டி., அதாவது மோட்டார் டிரான்ஸ்போர்ட். ஒன்றுக்கு ஒரு கண் தெரியாது, ஆனாலும் அது மோட்டார்தான். வெள்ளனே எங்களை எழுப்ப அம்மா "ஸ்டாண்டு" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். விடியலில் எதிரி வருவான் என்று துப்பாக்கியோடு எழுந்து நிற்கும் கட்டளையாம். எங்களுக்கு எதிரி என்று வந்தது சாணி அள்ளும் சோலி ஒன்றுதான்.

எல்லாம் அப்பா கொண்டுவந்தது. யுத்தம் முடிந்து ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளிக் கோட்டு, ஒரு மீசை, வாய் நிறைய இந்த எழுத்துகள், இவ்வளவோடு மலையேறி வந்தார். அவர் பர்மாவில் சண்டை போட்டவர் என்று ஊருக்கே தெரியும், அவரே சொல்லித்தான் தெரியும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவர் கொன்ற ஜப்பான்காரன் ஒருவன். பூண்டு பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை கூடியது. எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த ஐம்பதுகளின் கடைசியில் ஏழு பேர் ஆகியிருந்தார்கள்.

இந்த எழுத்துகளில் எங்கள் வயிற்றைத் தொட்டவை இரண்டு. விருந்தாளிகள் வந்து சோறு பத்தாது என்று தெரிந்தால் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, ஏதோ மழையைப் பற்றிப் பேசுவது போல, "எஃப்.எச்.பி." என்பார். ஃபேமிலி ஹோல்ட் பேக். குடும்பத்தார் கையை மடக்கவும். உடனே அம்மாவுக்கு விரதம் வந்துவிடும். அண்ணனுக்கு வயிறு மந்தமாகிவிடும். நான் இப்பத்தான் சாப்பிட்டேன் என்று ஒரு ஏப்பமும் விடுவேன். வெறும் வயிற்றில் ஏப்பம் விடுவதில் எனக்கு இணை அந்த மலையில் கிடையாது. இன்னொன்று எம்.ஐ.கே. மோர் இன் கிச்சன். அடுப்படியில் இன்னும் இருக்கிறது, கூச்சப்படாமல் தின்னு என்று அர்த்தம். முதலாவதை மாதம் நாலு தடவை கேட்போம். இரண்டாவதைத் தீபாவளிக்குக் கேட்டால் உண்டு.

இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், "பதுங்குகுழியில ரேசன் கொறஞ்சா இதான் ஆர்டரு" என்பார்.

"பதுங்குகுழியில ஏதுப்பா ஃபேமிலி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஃபட்டீக். தண்டனை வேலை என்று அர்த்தம். குதிரைக் கொட்டகையைக் கழுவி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

இந்த வாய்தான் எனக்கு வினை. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் எனக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு உழத் தெரியுமா என்று கேட்டேன். அந்தச் சம்பந்தம் போயிற்று. இரண்டாவதாக வந்தவர்கள் என்னை நடந்து காட்டச் சொன்னார்கள். வாசல் வழியாக நடந்து போய், அவர்கள் கிளம்பிய பிறகுதான் திரும்பி வந்தேன். அதுவும் போயிற்று. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது மாப்பிள்ளைக்குக் கொடைக்கானல் தபாலாபீசில் வேலை. அவரை நான் முன்னமே பார்த்திருக்கிறேன், அது வீட்டில் யாருக்கும் தெரியாது. கொடைக்கானல் சந்தைக்கு அப்பாவோடு பூண்டு கொண்டுபோனபோது, அம்மா தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தைப் போடப் போனேன். தபால்தலையை நாக்கில் வைக்கப் போகிற நேரத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஈரப் பஞ்சு வைத்திருந்த கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு மூன்று சந்தைக்கு மூன்று தபால் கார்டு வாங்கினேன். எழுதுவதற்குத்தான் ஆள் இல்லை.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள ஆசை. ரொம்ப ஆசை. பூம்பாறை முருகனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன். இந்தச் சம்பந்தமும் என் வாயால் போய்விடுமோ என்று நாலு நாள் தூக்கமில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், ஆனால் சட்டென்று சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். பெண் பிடித்திருந்தால்தான் நனைப்பார்கள். நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்தும் கையை மடக்கிக்கொண்டால், வேறு இடம் பாருங்கள் என்று அர்த்தம். வாயால் சொல்லுகிற சங்கடம் இரண்டு தரப்புக்கும் இல்லை.

"இன்னைக்கு ஒருநா அந்த வாயக் கட்டி வையிடி. கேட்டாத் தலைய ஆட்டு, கேக்காட்டி தரையப் பாரு," என்றாள் அம்மா. நானும் சரி என்று தலையை ஆட்டினேன்.

ஐந்து பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வண்டி வரும் இடம் வரை வந்து, மீதியைக் குளிரில் நடந்து, வாசலில் வந்து நின்றவர்கள் பதினொரு பேர். எங்கள் மலையில் அரிசி என்பது பழனியிலிருந்து குதிரை முதுகில் ஏறி வரவேண்டிய சாமான். நாங்கள் தின்றது சாமைச் சோறும் களியும்தான். அன்றைக்காக அரிசிச் சோறு வடித்திருந்தது ஏழு பேருக்கு. பூண்டுக் குழம்பு தாராளமாக இருந்தது. வெறும் குழம்பை இலையில் ஊற்றினால் அது எங்கே நிற்கும்?

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை. அவரும் பட்டாளத்திலிருந்து வந்தவர். மீசை எங்கள் அப்பாவுடையதைவிட இரண்டு விரற்கடை நீளம். இரண்டு மீசைகளும் எதிரெதிரே உட்கார்ந்து யுத்தம் பேச ஆரம்பித்தன.

"நான் ஏழு பேருங்க," என்றார் அப்பா.

"எனக்கு ஒம்போதுங்க," என்றார் வந்தவர்.

"அது பர்மாவுல மட்டும். மொத்தமாப் பாத்தாப் பத்துங்க," என்றார் அப்பா. சந்தையில் பூண்டை ஏலம் விட்டதுபோல இருந்தது. நல்லவேளை, அம்மா கண்காட்டினாள். நான் காப்பித் தட்டோடு போய் ஏலத்தை நிறுத்தினேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கார்டு வாங்கிய கணக்கு அவருக்கும் நினைவிருந்தது என்று முகத்தில் தெரிந்தது. அவருடைய அம்மா எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார், தலையை ஆட்டினேன். தைக்கத் தெரியுமா என்று கேட்டார், ஆட்டினேன். தைக்கத் தெரியாது, ஆனால் வாயைத் திறக்காமல் அதைச் சொல்ல வழியில்லை. கடைசியில் அந்தம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "எலயப் போடுங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. என் நெஞ்சுப் பாரம் அப்போதுதான் இறங்கியது.

பதினொரு இலையைப் பார்த்ததும் அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அடுப்படி வாசலுக்கு வந்தார். மீசையைத் தடவினார். கூடத்துக்கே கேட்கும்படி, "எஃப்.எச்.பி." என்றார். யாருக்கு இது புரியப் போகிறது என்ற தைரியம். அம்மாவுக்கு விரதம் வந்தது. அண்ணன் வயிற்றைத் தடவிக்கொண்டு குதிரைப் பக்கம் போய்விட்டான். கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா மீசையை முறுக்கிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றதை நான் பார்த்தேன்.

பரிமாறினோம். ஏழு பேர் சோற்றைப் பதினொரு இலைக்கு அம்மா எப்படிப் பிரித்தாளோ, இலைக்கு நடுவில் ஒரு சின்ன மேடு விழுந்தது. நான் குழம்பு ஊற்றிக்கொண்டு வரிசையின் முனைக்கு வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா பக்கத்திலிருந்த தன் தம்பியின் காதில், "எஃப்.எச்.பி. கைய மடக்கு," என்றார். தம்பி அதை அடுத்தவருக்குச் சொன்னார், அவர் அதற்கடுத்தவருக்கு. கை ஒவ்வொன்றாக மடியில் போய் விழுந்தது. பதினொரு பேரும் இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். அப்போது வரிசையின் நடுவில் நறுக்கென்று ஒரு சத்தம். ஆர்டர் வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளை அப்பளத்தில் கை வைத்துவிட்டிருந்தார். வாயில் போட்டதை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் கன்னம் உப்பிக் கிடந்தது.

அப்பளத்தைக் கணக்கில் சேர்ப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மற்றது எல்லாம் புரிந்துவிட்டது. அந்த எழுத்துகள் இந்த மனிதருக்குத் தெரியும். ஐந்து பேருக்குமேல் சோறு போட வக்கில்லாத வீடு என்று முடிவு கட்டிவிட்டார். இன்னும் ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடுவார்கள். பிறகு கொடைக்கானலில் நான் வாங்கும் கார்டுகளுக்கு ஒரு அர்த்தமும் இருக்காது. அம்மா கட்டி வைக்கச் சொன்ன வாய் தானாக அவிழ்ந்தது.

"எம்.ஐ.கே.ங்க," என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா தலையைத் தூக்கினார். "அப்படியா தாயி? வெரசாக் கொண்டா, பாப்போம்."

அடுப்படிக்குப் போனேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அடியில் பிடித்த காந்தல் ஒரு கரண்டிகூடத் தேறாது. "என்னத்தடி கொண்டாரேன்னு சொன்ன?" என்றாள் அம்மா. நான் சோற்றுச் சட்டியை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, எல்லாருக்கும் தெரியும்படி கவிழ்த்துக் காட்டினேன்.

"பொய் சொல்லிட்டேங்க. ஒண்ணும் இல்ல. அஞ்சு பேருன்னு சொல்லிப் பதினோரு பேரு வந்தீங்க. நீங்க கை நனைக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

"நனைக்காட்டி உனக்கென்ன தாயி?"

"எனக்கு மாப்பிள்ளையப் புடிச்சிருக்குங்க."

மறுபடியும் நறுக்கென்று சத்தம். இந்தத் தடவை மாப்பிள்ளை நிதானமாக மென்றார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா பக்கம் திரும்பினார். "இந்த எழுத்த எங்க படிச்சீங்க?"

"பதுங்குகுழியில," என்றார் அப்பா.

"பதுங்குகுழியில ஏதுங்க ஃபேமிலி?"

நான் குதிரைக் கொட்டகை கழுவியதற்கு அன்றைக்குத்தான் நியாயம் கிடைத்தது.

அப்பா தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவர் இப்போது என்ன சொன்னாலும் ஊரில் தலை நிமிர முடியாது என்று எனக்குப் பட்டது. முதல்தடவையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா தன் சனத்தையும் எங்கள் சனத்தையும் சாட்சி வைத்துக்கொண்டு தானே போட்டு உடைத்தார்.

"நானும் ஊருக்குள்ள அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெலிங்டன் பக்கம் ஒரு மேஜர் தொர பங்களா. நாலு வருசம் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால நின்னேன். பதார்த்தம் கொறஞ்சா தொரசாணி புள்ளைகளப் பாத்து இதான் சொல்லுவா."

அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். கவுஞ்சிக் குளிரில் எங்கள் அப்பாவின் நெற்றியில் வேர்த்திருந்தது. தூணை விட்டார். "பெங்களூரு," என்றார் மெல்ல. "கர்னல் பங்களா."

"எத்தன வருசம்?"

"அஞ்சு."

"அப்ப நீங்க எனக்கு சீனியரு," என்றார் அவர். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை இரண்டு பேரும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் பத்தும் மறுபக்கத்தில் ஒன்பதுமாகப் பத்தொன்பது ஜப்பான்காரர்கள் அந்த நிமிஷமே எங்கள் கூடத்தில் உயிர் பிழைத்தார்கள்.

கூடமே சிரித்து ஓய்ந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கண் பதினொரு இலையிலும் தொடாமல் கிடந்த சோற்றிலேயே இருந்தது. "எல்லாம் சரிங்க," என்றார். "ஒரு எலயிலயும் கை நனையலையே. எம்மகளப் புடிக்கலையா?"

"அந்த ஆர்டரு யாருக்குங்க? விருந்தாளிக்கா, ஃபேமிலிக்கா?"

"ஃபேமிலிக்கு."

"அதான் மடக்குனேன், சம்மந்தி."

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டில் உருளைக்கிழங்கு தோண்டச் சொன்னோம். மாப்பிள்ளை வீட்டாரில் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனோடு போனார்கள். சுட்ட கிழங்கும் பூண்டுக் குழம்புமாக இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கை நனைத்தோம். பிறகு எங்கள் வீட்டில் அந்த ஆர்டர் எத்தனையோ தடவை போட்டாகிவிட்டது. எல்லாரும் கையை மடக்குவோம், நான் ஏப்பம் விடுவேன், என் வீட்டுக்காரர் இலையில் மட்டும் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும்.